பிலிப் பினெலும் பித்தர் விலங்கும்

உடற்பிணி உற்றாரைக் கண்டு உலகம் இரங்கும். உளப்பிணி உற்றாரைக் கண்டு நகைக்கும், அன்றேல் அஞ்சும். குளிர்காய்ச்சலால் நடுங்குவானுக்குக் கம்பளி போர்த்தும் கைகளே, சித்தங் கலங்கித் தெருவிற் பிதற்றித் திரிவான்மீது கல்லெறியத் துணிகின்றன. இவ்வழக்கு ஒரு நாட்டார்க்கோ ஒரு காலத்தார்க்கோ மட்டும் உரியதன்று. கலைகளிலும் தத்துவங்களிலும் தலைசிறந்து விளங்கிய 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் பித்தர்கள் இருட்டறைகளில் இரும்புச் சங்கிலியாற் பிணிப்புண்டு கிடந்தனர். அச்சங்கிலிகள் அகன்ற வரலாற்றில் முதலாவதாகப் பேசப்படும் பெயர் பிலிப் பினெல் என்பது. அப்பெருமகனாரின் வாழ்க்கையையும், அவரோடு சேர்த்து நினைக்கப்படவேண்டிய மற்றொருவரின் தொண்டினையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அந்நாளைய நிலை

பினெலின் பெருமையை உணரவேண்டுமாயின், அவர் காலத்துப் பித்தர் விடுதிகள் எவ்வாறிருந்தன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். லண்டன் மாநகரிலிருந்த பெத்லெம் விடுதி ஐரோப்பாவிற் பழமை வாய்ந்தவற்றுள் ஒன்று. அங்கே 1770-ஆம் ஆண்டு வரையில், விலங்குக்காட்சிச் சாலைக்குச் செல்வார்போல மக்கள் திரண்டு சென்று, காசு கொடுத்துப் பித்தரை வேடிக்கை பார்த்து மகிழ்ந்தனர். வியன்னாவில் இரண்டாம் ஜோசப் மன்னர் 1784-இல் பித்தருக்கென ஒரு வட்டக் கோபுரம் கட்டுவித்தார். ஐந்து நிலைகளும் 139 சிற்றறைகளும் உடைய அக்கட்டடத்தை, நகர மாந்தர் தாம் உண்ணும் ஒருவகை வட்டப் பணியாரத்தின் பெயரால் ஏளனமாக அழைத்தனர். உள்ளே இருந்தவர் துன்பம் வெளியே இருந்தவர்க்கு நகைச்சுவையாயிற்று!

ஒருவர் நிலையை மட்டும் எடுத்துக் காட்டுவாம். 1814-இல் பெத்லெம் விடுதியைப் பார்வையிடச் சென்ற அன்பர் சிலர், ஜேம்ஸ் நாரிஸ் என்பாரைக் கண்டனர். அவர் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டப்பட்டிருந்தது. அவ்வளையம் செங்குத்தாக நின்ற ஓர் இரும்புக் கம்பத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அவர் அந்நிலையிற் பத்தாண்டுகள் வரை கிடந்தனர் என்ற செய்தி பரவவே, மறுவாண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைக்க நேர்ந்தது.

இக்கொடுமைகளைச் செய்தவர் அனைவரும் இயல்பிலே கொடியவர் எனக் கருதுதல் பொருந்தாது. அறிவிழந்தவன் விலங்கினும் வேறல்லன் என்றும், வெப்பமும் தட்பமும் அவனுக்குத் தோன்றா என்றும் அவர்கள் நம்பினர். ஆகலின் வைக்கோற் படுக்கையே அவனுக்குப் போதும் என விடுத்தனர். மருத்துவரோ குருதியை வடித்தலும், பேதி கொடுத்தலும், குளிர்ந்த நீரில் அமிழ்த்தலுமே மருந்தெனக் கொண்டனர். இவற்றால் தேறாதவர் தீராப் பிணியாளர் என முத்திரையிடப்பட்டுக் கைவிடப்பட்டனர். தவறான ஒரு கருத்து, நல்லோர் கையையும் கொடுந்தொழிலிற் பழக்கிவிட வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிறப்பும் கல்வியும்

பிலிப் பினெல் பிரான்சு நாட்டின் தென்பாகத்தில் 1745-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சிற்றூரில் அறுவை மருத்துவத் தொழில் புரிந்தவர். குடும்பம் பெரிது, செல்வம் சிறிது. மூத்த மகனாராகிய பினெல் முதலில் திருச்சபைக் குருத்துவத்தை நாடி இலக்கியமும் இறையியலும் பயின்றார். பின்னர் அவர் கருத்து மருத்துவத்தின்பாற் சென்றது. 1773-இல் துலூஸ் நகரிற் பட்டம் பெற்று, மோன்பெலியே நகரில் மேலும் சில ஆண்டுகள் பயின்று, 1778-இல் பாரிஸ் மாநகரை அடைந்தார்.

தலைநகரில் அவரை வரவேற்பார் ஒருவரும் இலர். அக்காலத்துப் பாரிஸ் மருத்துவக் கழகம் பிற நகரத்துப் பட்டங்களை மதிப்பதில்லை. ஆதலின் கற்ற தொழிலைச் செய்து பிழைக்க அவருக்கு வழியில்லாது போயிற்று. கணிதம் கற்பித்தும், பிறமொழி மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், மருத்துவ இதழொன்றை நடத்தியும் வாழ்க்கையை ஓட்டினார். ஏழை மருத்துவர்க்குரிய உதவிப் பரிசிலுக்காக இருமுறை கழகத்தாரின் தேர்வுக்குச் சென்றார். இருமுறையும் தோல்வியே எய்தினார். கூச்சம் மிகுந்த அவர், தேர்வாளர் முன் நாவெழாது நின்றனர் போலும். அவரைத் தகுதியற்றவர் எனத் தள்ளிய தேர்வாளர் பெயர்களை இன்று அறிவார் யாவர்? தேர்விற் பெறும் எண்களே ஒருவன் வாழ்வின் அளவுகோல் என மயங்கும் நம்மனோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

நண்பரின் முடிவு

பினெலின் வாழ்வைத் திருப்பியது ஒரு துயரம். அவருடைய இளநண்பர் ஒருவர் மனச்சோர்வுற்று, அது முற்றிச் சித்தங் கலங்கி, அந்நோயினாலேயே உயிரிழந்தார். மருத்துவம் கற்றும் நண்பரைக் காக்க இயலவில்லையே என்னும் எண்ணம் பினெலின் நெஞ்சை அறுத்தது. உள்ளத்து நோய்களை ஆராய்வதே தம் கடன் என்று அவர் அன்றே துணிந்தார்.

அத்துணிவினால், 1786-ஆம் ஆண்டளவில், பெலோம் என்பார் நடத்திவந்த தனியார் விடுதியிற் பணி ஏற்றார். பெலோம் மருத்துவர் அல்லர். தச்சுத் தொழிலிலிருந்து விடுதித் தொழிலுக்கு வந்தவர். செல்வக் குடும்பத்தார் தம் வீட்டுப் பித்தரை அங்கே பணங்கட்டி ஒப்புவித்தனர். குணமடைந்தவர் வீடு திரும்பினால் வருவாய் குறையும் அன்றோ? இத்தகைய இடத்தில் மருத்துவத்திற்கு மதிப்பு மிகுதியாதல் அரிது. எனினும் நோயாளர் பலரை நாடோறும் அருகிருந்து நோக்கிக் குறிப்பெழுதும் பயிற்சியைப் பினெல் இங்கே பெற்றார்.

இதற்கிடையே 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. மனிதர் யாவரும் உரிமையுடன் பிறந்தவர் என்னும் முழக்கம் நாடெங்கும் ஒலித்தது. பினெல் அம்முழக்கத்தை உளமாற ஏற்றவர். ஆயினும் குருதி வெறியை அவர் உள்ளம் ஏற்கவில்லை. 1793 ஜனவரி 21-இல் பதினாறாம் லூயி மன்னர் தலை வெட்டுண்டபொழுது, நகரக் காவற்படையில் ஒருவராய்ப் படைக்கலம் ஏந்தி அக்காட்சியைக் காணவேண்டியவரானார். அதுகுறித்துத் தம் உடன்பிறந்தார்க்குத் துயரோடு கடிதம் வரைந்தார். அவ்வாண்டிலேயே, தோழர் சிலர் ஆதரவால், பிசேத்ர் விடுதியின் மருத்துவராக அவர் நியமிக்கப்பட்டார். அப்பொழுது அவர்க்கு வயது 48.

பிசேத்ர் விடுதி

பாரிஸுக்குத் தெற்கே அமைந்த பிசேத்ர், மருத்துவமனை என்பதினும் மனிதக் குப்பைமேடு என்பதே பொருந்தும். திக்கற்ற முதியோர், கொடுங்குற்றவாளிகள், மேகநோயினர், பித்தர் ஆகியோர் ஏறத்தாழ 4,000 ஆடவர் அங்கே அடைபட்டிருந்தனர். தலைவெட்டும் பொறியாகிய கில்லட்டினை 1792-இல் முதன்முதற் பிணங்களின்மேல் வைத்துச் சோதித்ததும் இவ்விடத்திலேதான். இவ்வளவு பெரிய கூட்டத்தில் சித்தங் கலங்கினோர் ஏறத்தாழ இருநூற்றுவர். அவர்கள் பொறுப்பே பினெலிடம் வந்தது.

அங்கே அவர் எதிர்பாராத ஓர் ஆசிரியரைக் கண்டார். அவர் பெயர் ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளியாகிய இவர், கண்டமாலை நோயால் வருந்தி, 1771-ஆம் ஆண்டளவில் தாமும் ஒரு நோயாளியாகவே பிசேத்ருக்கு வந்தவர். நோய் நீங்கிய பின்னும் போக்கிடமின்றி அங்கேயே பணியாளராக அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பித்தர் பகுதிக்கு மேற்பார்வையாளர் ஆயினர். அவர் மனைவியார் மர்கரீத் என்பாரும் அவருக்குத் துணைநின்றார்.

புஸ்ஸேன் மருத்துவ நூல் கற்றவரல்லர். பட்டம் யாதும் பெற்றவரல்லர். ஆயினும் நோயாளர் நடுவே பல்லாண்டு வாழ்ந்து, நூல்கள் கூறாத உண்மைகளைக் கண்டறிந்திருந்தார். பணியாளர் பித்தரை அடித்தல் கூடாது என்று விதித்தார். அவ்விதி நிலைத்தற்கு ஒரு நல்லுபாயமும் செய்தார். நோய் நீங்கியோரையும் நீங்கி வருவோரையுமே பணியாளராக அமர்த்தினார். பட்டறிந்தவர்க்கன்றிப் பிறர் வலி தெரியுமோ? நோயாளரோடு பேசுவார், அவர் கூறுவனவற்றைச் செவி சாய்த்துக் கேட்பார், உறுதியும் கனிவும் ஒருங்கே காட்டுவார்.

பிறர் ஒருவர் அவ்விடத்திலிருந்தால், பட்டமற்ற பணியாளனிடம் கற்பதற்கு யாதுளது என்று செருக்கியிருப்பர். பினெல் அவ்வாறு செருக்கினாரல்லர். புஸ்ஸேன் செய்வனவற்றைக் கூர்ந்து நோக்கினார். அவர் கூறியவற்றைக் குறித்துக்கொண்டார். நோயாளர் ஒவ்வொருவரையும் பன்முறை சென்று கண்டு, அவரவர் வரலாற்றைத் தனித்தனியே எழுதினார். கத்துகின்ற பித்தனுள்ளும் அறிவு முற்றும் அவிந்துவிடவில்லை, சாம்பலுள் கனல்போல் அது மறைந்துளது என்னும் தெளிவு அவர்க்குப் பிறந்தது. அக்கனலை ஊதி எழுப்புவதே மருத்துவன் தொழில் என்று கொண்டார். இதுவே பின்னர் உளவழி மருத்துவம் எனப் பெயர் பெற்றது.

தையற்காரர் ஒருவர்

அம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்றைப் பினெல் தம் நூலில் எழுதியுள்ளார். பாரிஸ் நகரத் தையற்காரர் ஒருவர், மன்னர் கொலையைப்பற்றி வாய்தவறி ஏதோ சொல்லிவிட்டார். அதற்காகத் தம்மையும் கில்லட்டினுக்கு இட்டுச் செல்வர் என்னும் அச்சம் அவரைப் பற்றியது. உணவும் உறக்கமும் ஒழிந்து, சித்தங் கலங்கிப் பிசேத்ரை அடைந்தார். பினெல் அவருக்கு மருந்தினும் மேலாக ஊசியும் நூலும் கொடுத்தார். விடுதியிலுள்ளோர் ஆடைகளைத் தைத்துத் தருமாறு பணித்தார். கைக்கு வேலை கிடைத்ததும் மனத்தின் அலைவு குறைந்தது.

ஆயினும் அச்சம் மீண்டும் தலைகாட்டவே, பினெல் ஒரு சூழ்ச்சி செய்தார். மருத்துவர் மூவர் நீதிபதிகள்போல் உடையுடுத்து வந்து, அவரை விசாரித்துக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தனர். தையற்காரர் மனந்தேறினார். பின்னர் எவரோ ஒருவர் அது நாடகமே என்று அவரிடம் சொல்லிவிட, நோய் முன்னிலும் மிகுந்து திரும்பியது. வெற்றியை மட்டும் எழுதித் தோல்வியை மறைக்கும் வழக்கம் பினெலிடம் இல்லை என்பதற்கு இவ்வரலாறே சான்று.

சல்பேத்ரியேர்

1795-இல் பினெல், பெண்டிர்க்குரிய சல்பேத்ரியேர் விடுதியின் தலைமை மருத்துவராக மாற்றப்பட்டார். முற்காலத்தில் வெடியுப்புச் சாலையாயிருந்தமையால் அவ்விடத்திற்கு அப்பெயர் வழங்கியது. ஏழாயிரம் பெண்டிர் வாழ்ந்த அது ஒரு சிற்றூரே எனலாம். புஸ்ஸேனின் உதவியின்றி அங்கே செம்மையாகப் பணிசெய்தல் இயலாது எனக் கண்ட பினெல், அவரைத் தம்மிடம் அனுப்புமாறு அதிகாரிகளை விடாது வேண்டினார். 1802-இல் அவ்வேண்டுகோள் நிறைவேறிற்று. புஸ்ஸேன் 1811-இல் இறக்குமளவும் இருவரும் ஒருங்கு பணியாற்றினர்.

1798-இல் நோய்களை வகைப்படுத்தும் பெருநூல் ஒன்றைப் பினெல் வெளியிட்டார். அது இருபதாண்டுக்குள் ஆறு பதிப்புக் கண்டது. 1801-இல் மனநோயைப்பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. 1809-இல் அதனை விரித்து மீண்டும் பதிப்பித்தார். நோயாளர் எண்ணிக்கையைக் கொண்டு மருத்துவத்தின் பயனை அளக்கும் முறையிலும் அவர் முன்னோடி. 1802 ஏப்ரல் முதல் 1805 டிசம்பர் வரை சல்பேத்ரியேருக்கு வந்த மனநோயாளர் 1,002 பேருள் 473 பேர் குணமடைந்தனர் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். தீராதது எனக் கைவிடப்பட்ட நோய், ஏறத்தாழப் பாதிப்பேர்க்குத் தீர்ந்தது என்னும் செய்தி எத்துணைக் குடும்பங்களுக்கு நம்பிக்கை அளித்திருக்கும்!

கதையும் உண்மையும்

பினெலின் பெயர் கேட்டவுடன் பலர் உள்ளத்தில் ஒரு காட்சி தோன்றும். புரட்சித் தலைவருள் ஒருவரும், கால் முடங்கியவருமாகிய கூத்தோன், பிசேத்ருக்கு வருகின்றார். இவ்விலங்குகளை அவிழ்த்துவிட நீரும் பித்தரோ எனப் பினெலை வினவுகின்றார். பினெல் அஞ்சாது நின்று, பல்லாண்டு கட்டுண்டு கிடந்தோரின் தளைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றார். இக்கதை நூல்களிற் பரவியது, ஓவியங்களிலும் ஏறியது. 1849-இல் ம்யுல்லெர் என்பார் பிசேத்ர் காட்சியையும், 1876-இல் ராபர் ஃப்ளெரி என்பார் சல்பேத்ரியேர் காட்சியையும் தீட்டினர்.

ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை வேறு. கூத்தோன் கதையைப் பரப்பியவர் பினெலின் மகனார் சிப்பியோன் என்பார். அதுவும் தந்தையார் மறைந்த பின்னரே. பிசேத்ரிற் சங்கிலிகளை நீக்கியவர் புஸ்ஸேன். அதுவும் பினெல் அவ்விடத்தை விட்டு நீங்கிய பின்னர், 1797-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. பினெலே தம் நூலில் அச்செயலைப் புஸ்ஸேனுக்கே உரியதாக்கி எழுதியுள்ளார். சல்பேத்ரியேரில் விலங்குகள் நீங்கியதும் அவ்வழியைப் பின்பற்றியே ஆகும். இவ்விருவரேயன்றி, இத்தாலியின் புளோரன்சு நகரத்திற் கியாருஜி என்னும் மருத்துவர் 1789-லேயே சங்கிலியை விலக்கும் விதிகளைச் செய்தார். இங்கிலாந்தின் யார்க்கு நகரில் வில்லியம் டியூக் என்னும் வணிகர் 1796-இல் அன்பு நெறியில் ஒரு விடுதியைத் திறந்தார்.

மற்றொன்றும் மறைத்தல் கூடாது. சங்கிலி நீங்கிய இடத்தில் கைகளைப் பிணிக்கும் சட்டை வந்தது. தனியறையும் குளிர்நீர்ப் பொழிவும் அச்சுறுத்தலும் முற்றும் ஒழிந்தில. இரும்புத்தளை போய் உள்ளத்தளை வந்தது எனப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பூக்கோ 1961-இல் எழுதிய நூலிற் குறை கூறினார். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் பத்தாண்டுகள் கழுத்தில் இரும்பு பூண்டு நின்ற நாரிஸை நினைப்பார்க்கு, இரண்டும் ஒன்றெனத் தோன்றுமோ?

இவற்றால் பினெலின் புகழ் குறையுமோ எனின், குறையாது; அதன் இடம் மாறும் என்பதே நம் கருத்து. அவர் பெருமை சங்கிலியைத் தம் கையால் அவிழ்த்ததில் இல்லை. பட்டமற்ற பணியாளர் கண்ட உண்மையை உண்மை என ஒப்புக்கொண்டதில் உள்ளது. அதனை அறிஞர் அவைக்கு எடுத்துச் சென்று, நூலாக்கி, உலகம் ஏற்கச் செய்ததில் உள்ளது. புஸ்ஸேன் இல்லையேல் பினெலுக்குச் சொல்லப் பொருளில்லை. பினெல் இல்லையேல் புஸ்ஸேனின் செயல் பிசேத்ரின் மதில்களுக்குள்ளேயே மடிந்திருக்கும். அனுபவமும் கல்வியும் கைகோத்தமையாலேயே தளைகள் தளர்ந்தன. தந்தைக்கு முழுப்புகழையும் சேர்க்க விரும்பிய மகனார், அத்தந்தையின் மெய்யான சிறப்பாகிய அடக்கத்தையே மறைத்துவிட்டார் எனலாம்.

இறுதிக் காலம்

நெப்போலியன் காலத்தில் பினெல் அரசரின் ஆலோசனை மருத்துவர் என்னும் பதவியும் பிற சிறப்புகளும் பெற்றார். ஆயினும் அவர் மனம் நாடியது சல்பேத்ரியேரையே. முதுமையில் அவருக்கு ஓர் இடர் நேர்ந்தது. 1822-இல் அரசாங்கம் பாரிஸ் மருத்துவக் கல்லூரியைக் கலைத்தது. தாராளக் கொள்கையினர் எனக் கருதப்பட்ட பேராசிரியர் பலரை நீக்கியது. நீக்கப்பட்டோருள் 77 வயதினராகிய பினெலும் ஒருவர். 1826 அக்டோபர் 25-இல் தாம் தொண்டாற்றிய சல்பேத்ரியேரிலேயே அவர் உயிர் நீத்தார்.

அவர் மாணவருள் தலைசிறந்தவர் எஸ்கிரோல். அவர் பிரான்சு நாட்டு விடுதிகளைச் சுற்றிப் பார்த்து, பல ஊர்களில் பித்தர் இன்னும் ஆடையின்றி, வைக்கோல்மீது, சங்கிலியிற் கிடத்தலை 1818-இல் அரசாங்கத்தார்க்கு அறிவித்தார். அவர்போன்றோர் முயற்சியால் 1838-இல் மனநோயாளர்க்கென ஒரு சட்டம் பிறந்தது. ஒரு விடுதியில் அவிழ்ந்த தளை நாடெங்கும் அவிழப் பல்லாண்டுகள் சென்றன.

முடிவுரை

இது எங்கோ என்றோ நிகழ்ந்த கதை என்று நாம் ஏட்டை மூடிவிடலாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடித் தப்பவும் இயலாது 28 பேர் மாண்டனர். புஸ்ஸேன் சங்கிலிகளை நீக்கி இருநூறாண்டுகள் கடந்த பின்னர் நிகழ்ந்தது இது! மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியாற் பிணித்தல் கூடாது என 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் இந்தியாவில் விலக்கியுள்ளது. சட்டம் இரும்பை விலக்கும். ஏளனத்தையும் அச்சத்தையும் விலக்கவேண்டியவர் நாமே.

பித்தன் என ஒருவனைச் சுட்டி நகைக்க நா எழும்பொழுது, அவனுள்ளும் அவியாத கனல் ஒன்று உண்டு என்பதை நினைவு கூர்வோமாக. கல்லூரிப் பட்டம் பெற்று வெளியேறும் நாளில், பட்டமில்லாதவரிடமும் கற்கவேண்டுவன பல உள என்பதையும் மறவாதிருப்போமாக. தேர்விற் தோற்ற பினெலும், ஏடறியாத புஸ்ஸேனும் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் அதுவே.